திருகோணமலை, பாலையூற்றில் பெண்களுக்கான ஊடக, நிகழ்வு நிறுவனம்: தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

பெண்களுக்காக ஒரு சஞ்சிகை, ஒரு யூடியூப் சனல், ஒரு கண்காட்சி என்று ஏதாவது தொடங்கிவிட வேண்டும் என்ற ஆசை திருகோணமலையில் பல இளம்பெண்களிடம் இருக்கிறது. ஆசை வந்ததும் இலச்சினை வரைவிக்கிறார்கள், முகநூல் பக்கம் திறக்கிறார்கள், நல்ல கமெராவுக்குக் காசு சேர்க்கிறார்கள். சில மாதங்களில் அந்தப் பக்கம் அசையாமல் கிடக்கும். திறமை குறைவென்று சொல்ல முடியாது. யாருக்காகச் செய்கிறோமோ அந்தப் பெண்களை நேரில் சந்திக்காமலே வேலை தொடங்கிவிடுகிறது, அதுதான் காரணம்.

இந்த வழிகாட்டி வேறு வரிசையில் போகிறது. முதலில் பெண்களை ஓர் இடத்தில் கூட்டுங்கள். அங்கே அவர்கள் கதைப்பதிலிருந்து உங்கள் ஊடகம் பிறக்கட்டும். நிகழ்வு கையில் காசு தரும். அடுத்த நிகழ்வு வரை அந்தப் பெண்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் ஊடகம் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே நிறுவனமாக நடத்தச் சொல்வது இதற்காகத்தான்.

## தொடங்கும் முன்: இந்த வழியில் நடந்தவர்கள்

இது புதிய யோசனை இல்லை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்த மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் ‘தமிழ் மகள்’ இதழைத் தொடங்கினார். பெண்கள் சங்கம் அமைத்து மேடைகளில் பேசியவரும் அவர்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1925இல், சென்னையில் வை.மு. கோதைநாயகி ‘ஜகன்மோகினி’யை எடுத்து நடத்தத் தொடங்கினார். ஐந்தரை வயதில் மணமுடித்து வைக்கப்பட்டவர், பள்ளிக்கூடம் போகாதவர், தன் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி எழுதிக்கொடுத்தார். அவரே பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி, சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து, சுமார் 35 ஆண்டுகள் இதழ் நடத்தினார். அவர் நல்ல பாட்டுக்காரர், பேச்சாளர். மேடையும் இதழும் அவர் கையில் ஒன்றாக நடந்தன.

நமக்குப் பக்கத்தில், மட்டக்களப்பில், சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. போரில் இடம்பெயர்ந்த பெண்களுக்காக 1990களின் தொடக்கத்தில் உருவானது. ‘பெண்’ என்ற சஞ்சிகையை வெளியிட்டது; கலைக்குழு அமைத்துப் பாட்டும் நாடகமும் ஊர் ஊராகக் கொண்டுபோனது. அது வியாபார நிறுவனம் இல்லை. ஆனால் கிழக்கில் பெண்களைக் கூட்டி, அவர்களின் குரலையே வெளியீடாக்குவது எப்படி என்று அறிய அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வியாபாரப் பக்கத்துக்கு இரண்டு உதாரணங்கள். தமிழ்நாட்டில் 1998இல் வந்த ‘அவள் விகடன்’, வாசகியரை ஊர் ஊராகக் கூட்டி ‘ஜாலி டே’ என்று போட்டிகளும் ஆட்டமும் பாட்டுமாக ஒரு நாள் விழா நடத்துகிறது. அதற்கு அனுசரணையாளர்களும் உண்டு. அமெரிக்காவில் ‘பிளாக்ஹெர்’ நிறுவனத்தை மூன்று பெண்கள் தொடங்கினார்கள். வலைப்பதிவு எழுதும் பெண்களே இல்லையா என்று சிலர் கேட்டதற்குப் பதிலாக, 2005 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஒரு நாள் மாநாடு நடத்திக் காட்டினார்கள். அங்கே கூடியவர்களை வைத்து அடுத்த ஆண்டு விளம்பர வலையமைப்பைத் தொடங்கினார்கள். 2014இல் நிறுவனம் கைமாறியது. அங்கும் மாநாடு முதலில், ஊடக வருமானம் பிறகு.

## படி 1: எந்தப் பெண், எந்த ஊர்?

‘எல்லாப் பெண்களுக்கும்’ என்று எழுதிவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். திருகோணமலை மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ மூன்று இலட்சத்து 80 ஆயிரம் பேர். முஸ்லிம், தமிழர், சிங்களவர் என மூன்று சமூகத்தாரும் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் இது. பாலையூற்றில் ஒரு தையற்காரி, உவர்மலையில் ஓர் ஆசிரியை, கிண்ணியாவில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் தாய், மூதூரில் கணவனை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் பெண் என்று நால்வரை எடுத்தால், நால்வருக்கும் நேரம் வேறு, பயம் வேறு, தேவை வேறு.

முதல் ஆண்டுக்கு ஒரு வட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். நான் சொல்வது: வீட்டிலிருந்து ஏதாவது தொழில் செய்கிற, அல்லது செய்ய நினைக்கிற, 25 முதல் 50 வயதுப் பெண்கள். இலங்கையில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான் கணக்கில் உழைப்பாளர். மற்றவர்கள் சும்மா இருப்பதாக யாரும் நம்ப வேண்டாம். மா இடித்துக் கொடுப்பவர், சாறி பிளவுஸ் தைப்பவர், ரியூஷன் சொல்லிக்கொடுப்பவர், கருவாடு காயப்போட்டு விற்பவர் எல்லாரும் அந்தக் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களிடம் விற்கப் பொருள் இருக்கிறது, சொல்லக் கதை இருக்கிறது. இரண்டுமே உங்கள் நிறுவனத்துக்கு வேண்டும்.

## படி 2: போய்க் கேளுங்கள்

படிவம் அனுப்பிப் பதில் வாங்கும் வேலை இங்கே சரிவராது. ரியூஷன் வகுப்பு முடியும்வரை வாசலில் நிற்கும் தாய்மார், பாலையூற்று லூர்து அன்னை ஆலயத்தில் பூசை முடிந்து நிற்பவர்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம், கிளினிக் நாள் வரிசை என்று பெண்கள் ஏற்கனவே கூடுகிற இடங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். தன் பிரிவில் யார் என்ன தொழில் செய்கிறார் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் முதல் நட்பு அவராக இருக்கட்டும்.

மூன்று கேள்வி போதும். கடைசியாக எப்போது உங்களுக்காக மட்டும் வீட்டைவிட்டு வெளியே போனீர்கள்? போகாமல் விட்டது எதனால்? எதைக் கற்றுத்தந்தால் காசு கொடுத்து வருவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களைச் சொன்னபடியே எழுதி வையுங்கள். ‘பிள்ளையை விட ஆளில்லை’, ‘திரும்பி வர பஸ் இல்லை’, ‘தனியப் போக வீட்டில் விடமாட்டினம்’, ‘படம் எடுத்து முகநூலில் போட்டுவிடுவினம்’. உங்கள் நிகழ்வின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டியவை இந்தப் பதில்கள்தான்.

## படி 3: முதல் நிகழ்வை நடத்துங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். முதல் நாள் சரியாக நடந்தால் அடுத்த ஆண்டு உழைப்பில் பாதி குறையும்.

நாளை முதலில் தீர்மானியுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். அந்த மாதங்களில் முதல் நிகழ்வை வைக்காதீர்கள். மார்ச் 8ஐயும் விட்டுவிடுங்கள். அன்று ஒவ்வொரு திணைக்களமும் ஒவ்வொரு நிறுவனமும் மகளிர் தினம் கொண்டாடும். உங்கள் பெண்களை ஏற்கனவே இரண்டு இடத்துக்கு அழைத்திருப்பார்கள். நோன்பு மாதம், திருக்கோணேச்சரத் திருவிழா நாட்கள், பரீட்சைக் காலம், பெரும்போக அறுவடை எல்லாவற்றையும் நாட்காட்டியில் அடித்துவிட்டு எஞ்சுவதைப் பாருங்கள். மே நடுப்பகுதி முதல் ஆவணி வரை நல்ல இடைவெளிகள் கிடைக்கும்.

அடுத்தது நேரம். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை மூன்றரைக்கு முடியுங்கள். நான்கு மணி தாண்டிய எந்தக் கூட்டத்திலும் பார்க்கலாம்: மேடையில் பேச்சு நடந்துகொண்டிருக்கும், பின்வரிசையில் ஒவ்வொரு கையும் பையின் வாரைப் பிடித்திருக்கும், கண் கைபேசி நேரத்தில் இருக்கும், கதிரை நுனியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அதன்பிறகு சொல்லப்படும் எதுவும் காதில் ஏறாது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் கடலைக் கடக்கப் படகுப் பாதைக்குக் காத்திருக்கும் பாடு தீர்ந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாடு தீரவில்லை. எந்த ஊரிலிருந்து வருகிறார்களோ அந்த ஊரின் கடைசி வசதியான பஸ் நேரத்தைத் தரிப்பிடத்தில் கேட்டு எழுதுங்கள். அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் உங்கள் நிகழ்ச்சி முடிய வேண்டும். தூரத்து ஊர் ஒன்றிலிருந்து பதினைந்து பேர் வருவதாக இருந்தால் வான் ஒன்று பேசுங்கள். ‘போகவர வாகனம் இருக்கு’ என்ற ஒரு சொல்லிலேயே பல வீடுகளில் அனுமதி கிடைத்துவிடும்.

இடத்துக்கு வருவோம். கடற்கரை ஹோட்டல் மண்டபம் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் என்றதும் மூன்று சமூகத்திலும் சில வீடுகள் தயங்கும். பாடசாலை மண்டபம், ஆலய மண்டபம், சங்கக் கட்டடம் என்று ஊர் அறிந்த இடமே முதல் நிகழ்வுக்கு நல்லது. முற்பணம் கொடுக்குமுன் நேரில் போய்ப் பாருங்கள்: கழிவறைக் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, மின்விசிறி எத்தனை சுழல்கிறது, கரண்ட் போனால் ஜெனரேற்றர் உண்டா. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் நூறு பேரை இருத்தவே கூடாது.

பிள்ளைகளுக்கென்று ஒரு மூலை கட்டாயம். மண்டபத்தை ஒட்டி ஓர் அறை, பாய், கிறேயோன், தண்ணீர், பொறுப்பாக இரண்டு பெண்கள். முன்பள்ளி ஆசிரியை ஒருவரைச் சம்பளத்துக்குக் கேட்டால் மகிழ்ந்து வருவார். பிள்ளையின் பெயரையும் தாயின் கைபேசி எண்ணையும் கொப்பியில் எழுதி, கொண்டுவந்து விட்டவரிடம் மட்டும் திருப்பிக் கொடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்குத் திரை போட்ட இடம் வேண்டும். தொழுகைக்கு ஒரு சிறு அறையும் கைகால் கழுவத் தண்ணீரும் வேண்டும். மதிய இடைவேளையை ளுஹர் நேரத்தோடு பொருத்தினால் யாரும் நடுவில் எழுந்து போக வேண்டியிராது.

சாப்பாட்டில் சைவமும் ஹலாலும் தனித்தனிப் பாத்திரத்தில், தனித்தனி மேசையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை என்றால் விரதக்காரர் அதிகம். சமையலை வெளியே கொடுக்காமல், நீங்கள் கூட்டப்போகும் வட்டத்திலேயே சமைத்து விற்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள். அவருடைய தொழிலுக்கு நூறு பேர் வாயால் விளம்பரம் கிடைக்கும்.

மேடையில் என்ன நடக்க வேண்டும்? வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை என்று போகும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காலையில் ஒரு கைவேலை: பொருளுக்கு விலை போடுவது எப்படி, கைபேசியில் பொருளைப் படம் எடுப்பது எப்படி. மதியத்துக்கு முன் உங்கள் ஊர்ப் பெண்கள் மூவர் தங்கள் தொழில்கதையைப் பத்துப் பத்து நிமிடம் சொல்லட்டும். சாப்பாட்டுக்குப் பின் விற்பனை மேசைகள், பாட்டு, கும்மி. சினிமாப் பாட்டைக் கூடியவரை தவிருங்கள். பொதுவிடத்தில் ஒலிபரப்ப 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமையாளரின் அனுமதி வேண்டும், காணொளியாக ஏற்றினால் முகநூல் ஒலியை அறுத்துவிடும். உங்கள் பெண்கள் பாடும் தாலாட்டுக்கும் வசந்தன் பாட்டுக்கும் அந்தச் சிக்கல் குறைவு.

## படி 4: காசுக் கணக்கு

ஓர் உதாரணம் போடுகிறேன். கணக்குப் போடும் முறையைக் காட்டவே இந்த எண்கள். விலைகளை நீங்கள் உங்கள் ஊரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அறுபது பெண்கள், ஆளுக்கு நுழைவுக் கட்டணம் 600 ரூபா: 36,000. விற்பனை மேசை எட்டு, ஒன்று 2,000: 16,000. ஒரு அனுசரணையாளர்: 20,000. வரவு மொத்தம் 72,000.

மண்டபம் 15,000. ஒலிபெருக்கி 8,000. எழுபது பேருக்குச் சாப்பாடும் பிளேன்டீயும் 17,500. பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கு 4,000. பயிற்சி தருபவருக்கு 8,000. வான் 7,000. அச்சுவேலை 2,500. எதிர்பாராச் செலவு 5,000. மொத்தம் 67,000. மிச்சம் ஐயாயிரம்.

அனுசரணையாளர் கடைசி வாரத்தில் கைவிட்டால் 15,000 துண்டு விழும். அப்போது எதை வெட்டுவது? பலர் முதலில் பிள்ளைப் பராமரிப்பையும் வானையும் வெட்டுவார்கள். அவற்றில் கைவைக்காதீர்கள், மண்டபத்தை விட்டுப் பாடசாலையின் இரண்டு வகுப்பறைக்கு மாறுங்கள், ஒலிபெருக்கியை விடுங்கள், அறுபது பேருக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும்.

இலவசமாக நடத்தாதீர்கள். நூறு ரூபா என்றாலும் வாங்குங்கள். காசு கொடுத்தவர் வருவார்; இலவசம் என்றால் மழைக்குறி கண்டாலே நின்றுவிடுவார். கட்ட முடியாதவர்களுக்காகப் பத்து இடத்தை அனுசரணையாளர் பெயரில் ஒதுக்கி, யார் அந்த இடத்தில் வருகிறார் என்பதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். லங்கா கியூஆர் அட்டை ஒன்று மேசையில் இருந்தால் சில்லறைப் பிரச்சினை குறையும்.

தொடங்கும் முதலுக்கு நுண்கடன் எடுக்கவே வேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்து வட்டி கேட்ட அந்தக் கடன்கள் எத்தனை பெண்களை ஊரைவிட்டு ஓட வைத்தன என்று நமக்குத் தெரியும். 2018இல் அரசாங்கமே திருகோணமலை உட்பட வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை ஒரு வரம்பு வரை தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. சீட்டுக் காசு, சேமிப்பு, முன்பதிவுக் கட்டணம் இவற்றுக்குள் முடியும் அளவுக்கு முதல் நிகழ்வைச் சிறிதாக்குங்கள்.

## படி 5: பதிவும் அனுமதியும்

தனியாளாகவோ பங்காளிகளாகவோ தொடங்குவதானால் வர்த்தகப் பெயர்ப் பதிவு போதும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் வாங்கி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு கொடுங்கள். பாலையூற்றுக்கு அது திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். பெயர்ப் பதிவுச் சான்றிதழ் கிடைத்ததும் நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள். வீட்டுச் செலவுக் காசும் நிறுவனக் காசும் ஒரே கணக்கில் கிடந்தால் ஒரு வருடம் கழித்து இலாபமா நட்டமா என்று உங்களுக்கே தெரியாது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கமும் எடுத்துவிடுங்கள்.

தனியார் வரையறுத்த கம்பனி என்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வருவது. ஒரே பங்குதாரர், ஒரே பணிப்பாளரோடும் தொடங்கலாம்; ஆனால் கம்பனிச் செயலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும், ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அந்தச் செலவை முதல் ஆண்டில் சுமக்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் உங்களோடு ஒப்பந்தம் எழுத வரும்போது மாறிக்கொள்ளலாம்.

நிகழ்வுக்கு: ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். நுழைவுச்சீட்டு விற்றால் களியாட்ட வரி பற்றி உள்ளூராட்சி சபையில் கேளுங்கள். மண்டபம் எந்தச் சபை எல்லைக்குள் வருகிறது என்று முதலில் உறுதிப்படுத்துங்கள்; தெரு ஒன்று மாறினால் சபையும் மாறிவிடும். கடிதம் கொடுக்கும்போது பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக் கோப்பில் போடுங்கள். இரண்டு வாரம் முன்னதாகவே போங்கள்.

## படி 6: ஊடகத்தைத் தொடங்குங்கள்

நிகழ்வு முடிந்த அன்றிரவே அறுபது பெண்களின் விருப்பத்தோடு பெற்ற அறுபது எண்கள் உங்களிடம் இருக்கும். அவர்கள்தான் உங்கள் முதல் வாசகியர்.

முதல் வடிவம் ஒலியாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. சமைக்கும்போதும் தைக்கும்போதும் கண்ணுக்கு ஓய்வில்லை, காது சும்மாதான் இருக்கிறது. இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகம் ‘பூவும் பொட்டும்’ நடத்திய நாட்களில் பெண்கள் அடுப்படியில் வேலையோடு வேலையாகக் கேட்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பெட்டி கைபேசியாகிவிட்டது, அவ்வளவே. வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஏழு நிமிட ஒலிப்பதிவு ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஒரு பெண்ணின் தொழில்கதை நான்கு நிமிடம், இந்த வாரம் பயன்படும் தகவல் இரண்டு நிமிடம், அடுத்த சந்திப்பு பற்றி ஒரு நிமிடம். குழுவாக வைக்காதீர்கள், குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒளிபரப்புப் பட்டியல் அல்லது சனல் வையுங்கள்.

பதிவுக்குக் கைபேசியும் கழுத்தில் கொளுவும் சின்ன மைக்கும் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். அலுமாரி, மெத்தை உள்ள அறையில் இருந்து பேச வையுங்கள். வெறும் சுவர் அறையில் எதிரொலி வரும். கேள்வியை முன்பே எழுதிக் கொடுக்காதீர்கள், மனப்பாடம் செய்துவிடுவார்கள். ‘முதல் முதல் வித்த சாமான் என்ன அக்கா? எவ்வளவுக்கு?’ என்று தொடங்கினால் மீதி தானே வரும். அவர் பேசும் தமிழைத் திருத்த வேண்டாம். கிண்ணியாத் தமிழும் சம்பூர்த் தமிழும் அப்படியே கேட்கட்டும்.

அச்சு இதழ் இரண்டாம் கட்டம். 2020இல் தமிழ்நாட்டில் ‘மங்கையர் மலர்’ அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. 2022இல் இலங்கையில் தாள் இல்லாமல் நாளிதழ்களே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. மாத இதழ் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தாள் விலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு மலர், நிகழ்வு நாளில் கையில் கிடைக்கும்படி வெளியிடுங்கள். தொடர் வெளியீட்டுக்கு ஐ.எஸ்.எஸ்.என். இலக்கமும் பெறலாம். ஒவ்வொரு வெளியீட்டிலும் பெண்களுக்கான 1938 உதவி அழைப்பு எண்ணை ஒரு மூலையில் தவறாமல் போடுங்கள்.

எழுதவும் ஒலி தொகுக்கவும் ஆட்கள் தூரத்தில் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது, அங்கே தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடமே உண்டு. பயிற்சிக்கு மாணவிகளை எடுங்கள், எடுத்தால் போக்குவரத்துக் காசாவது கொடுங்கள்.

## படி 7: அனுசரணையும் விளம்பரமும்

பெரிய கம்பனியின் கொழும்புக் காரியாலயத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட, கண்டி வீதியிலும் நகரிலும் உள்ள துணிக்கடை, நகைக்கடை, மின்பொருள் கடை, வங்கிக் கிளை இவற்றுக்கு நேரில் போங்கள். கையில் இரண்டு பக்கம் போதும்: எத்தனை பெண்கள் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எத்தனை பேர் மீண்டும் வருவதாகச் சொன்னார்கள், அன்று மேசைகளில் எவ்வளவு விற்றது. உண்மையான சிறிய எண்ணைச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு அந்தக் கணக்குப் புரியும், அவரும் நாள்தோறும் அதையேதான் பார்க்கிறார்.

யாரிடம் வாங்குவதில்லை என்ற பட்டியலையும் முதல் நாளே எழுதுங்கள். வட்டிக்கடை நிறுவனங்கள், மேனி வெளுக்கும் கிறீம், ‘வீட்டிலிருந்தே இலட்சம்’ என்று ஆள்சேர்க்கும் சங்கிலி வியாபாரம், கட்சிக் காசு. ஒரு பெண் உங்கள் மேடையில் கேட்ட விளம்பரத்தை நம்பிக் கடன் எடுத்து விழுந்தால், அவருடைய தெரு முழுவதும் உங்களை விட்டுப் போய்விடும். அப்படிப் போவதும் சரிதான்.

## படி 8: பெண்களின் பாதுகாப்பு

படத்தில் தொடங்குவோம். வாசலில் பதியும்போதே ‘உங்கள் படம் எடுக்கலாமா, வெளியிடலாமா’ என்று கேட்டு, வேண்டாம் என்பவருக்கு ஒரு நிற நாடா கையில் கட்டுங்கள். படம் எடுப்பவர் பெண்ணாக இருக்கட்டும். நாடா தெரியும் படங்களை அன்றே அழித்துவிட வேண்டும். மேடையில் சம்மதித்தவர் பிறகு மனம் மாறி எடுத்துவிடுங்கள் என்றால், காரணம் கேட்காமல் எடுங்கள்.

எண்களும் முகவரிகளும் உங்களிடம் கொடுத்துவைத்த பொருள். எந்த அனுசரணையாளர் எவ்வளவு கேட்டாலும் கொடுக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பற்றியதுதான். சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்யக்கூடாத காரியம். இணையத்தில் வெளியிடுவோர் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் ஒருமுறை முழுதாக வாசித்துவிட வேண்டும்.

மகள் ஊடகத்துக்குப் போகிறாள் என்றால் திருகோணமலைத் தாய்மார் பயப்படுவார்கள். அந்தப் பயத்தைச் சிறிதாக எண்ண வேண்டாம். பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் 2006 ஜனவரி 24 அன்று இந்த நகரில்தான் சுட்டுக்கொல்லப்பட்டார். அதை நேரில் அறிந்த தலைமுறை இன்று உங்களோடு வேலை செய்யும் பெண்பிள்ளைகளின் பெற்றோர். ஆகவே அவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். என்ன பதிவு செய்கிறோம், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லுங்கள். வெளியூர்ப் பதிவுக்குத் தனியே யாரையும் அனுப்பாதீர்கள். ஒருவர் தன் வீட்டு வன்முறையைப் பற்றி ஒலிப்பதிவில் சொல்லத் தொடங்கினால் பதிவை நிறுத்துங்கள். முதலில் உதவிக்கு வழிகாட்டுங்கள். வெளியிடுவதா இல்லையா என்பதை அவர் பல நாட்கள் கழித்து, மனம் ஆறியபின் சொல்லட்டும்.

## படி 9: இரண்டாம் ஆண்டு

ஒரே ஆண்டில் நான்கு சிறிய சந்திப்புகள், நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகள், இரண்டு மலர்கள் செய்து முடித்தால் உங்களிடம் ஒரு நிறுவனம் இருக்கிறது என்று சொல்லலாம். அப்போது கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு நாள் நடத்திப் பாருங்கள். அங்கே பொறுப்பேற்பவர் அந்த ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். சிங்களப் பெண்களையும் அழைக்க விரும்பினால், மொழிபெயர்ப்பாளரை மேடை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஒப்பேற்றாமல், நிகழ்ச்சியைத் திட்டமிடும் மேசையிலேயே ஒரு சிங்களப் பெண்ணைச் சேருங்கள்.

மிச்சக் காசைக் கமெராவில் போடத் தோன்றும். முதலில் ஓர் ஆளுக்கு அரைநாள் சம்பளமாவது நிரந்தரமாகக் கொடுங்கள். தொலைபேசி எடுப்பவர், பற்றுச்சீட்டு எழுதுபவர், வான்காரரோடு பேசுபவர், பிள்ளைகள் மூலையின் கொப்பியைப் பத்திரப்படுத்துபவர் எல்லாம் அவரே. அந்த வேலையை நீங்களே செய்துகொண்டிருக்கும்வரை புதிய நிகழ்வைப் பற்றி யோசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்காது. உங்களுக்கும் ஒரு தொகையைச் சம்பளமாக எழுதி எடுங்கள். வீட்டில் ‘சும்மா சங்க வேலை’ என்று சொல்லும் வாய் அந்த மாதமே அடங்கும்.